தேடினால் வரும் இரண்டு வரி

என் மனைவியின் மார்பில் கட்டி இருக்கிறது என்று சொன்ன டாக்டர், இந்த மாதமே ஆபரேஷன் செய்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றும் சொன்னார். இவளோ வீட்டுக்கு வந்ததும் போனைக் கையில் எடுத்தாள். கத்தி என்றால் அவளுக்கு உயிரே போய்விடும். ஊசி போடும்போதே என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவள்.

மறுநாள் சமையலறையில் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஏதோ ஒரு இயற்கை நிவாரண மையம். பெயருக்குக் கீழே இரண்டு வரி: ‘ஆபரேஷன் என்றாலே பயமா? கத்தியின்றி, வலியின்றிக் கட்டியைக் கரைக்கிறோம். இன்றே அழையுங்கள்.’ உள்ளே போய்ப் படித்தாயா என்று கேட்டேன். இதற்கு மேல் என்ன படிக்க வேண்டும் என்றாள். கத்தினேன், கெஞ்சினேன், சாப்பிடாமலும் கிடந்து பார்த்தேன். அவள் மசியவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டார்களாம்.

வேறு வழி தெரியாமல் கொழுந்தியாளை வரவழைத்தேன். அவள் வேலையே இதுதான். இன்டர்நெட்டில் எதையாவது தேடினால் பெயருக்குக் கீழே இரண்டு வரி வருகிறதே, அதை எழுதிக் கொடுப்பாள். மெத்தைக் கடைக்கும் எழுதுவாள், பல் டாக்டருக்கும் எழுதுவாள். ஜனங்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்களோ அதை முதலில் வைக்க வேண்டும், நீட்டினால் பாதியில் வெட்டிவிடும், கடைசியில் வா என்று அழைக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறாள். இந்தப் பித்தலாட்டத்தை அக்காவுக்குப் புரிய வைக்க இவளை விட்டால் யார்?

போனைப் பார்த்ததும் பேயறைந்தவள் போல ஆகிவிட்டாள். என்னை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

“மாமா, இது நான் எழுதினது.”

அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது எனக்கு. அந்த மையத்தின் இணையதளத்துக்குள் நுழையும் வழி அவளிடம் இன்னும் இருந்ததால், அங்கேயே லேப்டாப்பைத் திறந்து வரிகளை மாற்றினாள். தேடிப் பார்த்தோம். பழையதே வந்தது. புதியது ஏற நாளாகும், சில சமயம் ஏறாமலே போய்விடும் என்று சொல்லி அழுதாள். அழுது என்ன ஆகப்போகிறது, உள்ளே போய் உண்மையைச் சொல் என்றேன்.

அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அது தான் எழுதியது என்று ஆரம்பித்தாள். அந்த மையத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, பயந்தவர்கள் எதைக் கேட்க ஆசைப்படுவார்களோ அதை எழுதினேன், அவ்வளவுதான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆனால் அந்த முதல் வாக்கியத்துக்குப் பிறகு என் மனைவி எதையும் காதில் வாங்கவில்லை. இத்தனை நாளாக இருண்டு கிடந்த முகம் தெளிந்துவிட்டது.

“நீ எழுதினதா? இத முன்னாடியே சொல்லக் கூடாதா? யாரோ எவனோன்னு உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டேதான் இருந்தேன்,” என்றாள்.

பிறகு தங்கையின் கண்ணைத் துடைத்துவிட்டு, வியாழக்கிழமை துணைக்கு நீயும் வந்துவிடு என்றாள்.