இனஃப் என்று ஒரு சொல்

வடிவு சென் மேடத்துக்குத் திருப்பித் தர வேண்டியிருந்த பணம் சரியாக இரண்டாயிரத்து நூறு ரூபாய். போன மழைக்காலத்தில் டில்லியின் பாராபுல்லா நாலா பொங்கி, தமிழர்கள் குடியிருக்கிற மதராசி கேம்ப்புக்குள் புகுந்தபோது அவளுடைய ஜுக்கிக் குடிசையின் பின்சுவர் கரைந்து சாக்கடையோடு போயிற்று. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் மேடத்திடம் வாங்கிய மூவாயிரத்தில் கழிந்தது போக மிச்சம் இது. சம்பளம் நானூற்றைம்பது. ஒன்றாம் தேதியானால் அதில் நூற்றைம்பதைப் பிடித்துக்கொண்டு மூன்று நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார் மேடம். நீட்டிக்கொண்டே, "இனஃப்?" என்று கேட்பார்.

"இனஃப், மேடம். இனஃப், இனஃப்" என்பாள் வடிவு.

சென் மேடம் கல்கத்தாக்காரர். ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். காலேஜில் பாடம் சொல்லி ரிட்டையர் ஆனவர். அவருடைய ஹிந்தி வடிவின் ஹிந்தியைவிட மோசம். அதனால் பாதிப் பேச்சு கைஜாடையிலும் மீதி ஒன்றிரண்டு இங்கிலீஷ் சொல்லிலும் நடக்கும். அப்படித்தான் 'இனஃப்' வடிவின் வாய்க்கு வந்து சேர்ந்தது. அது எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

எழுத்தே அவளுக்குப் போன வருஷம்தான் வந்தது. நாற்பத்தாறு வயதில். கேம்ப்பின் மாரியம்மன் கோயில் பக்கத்துக் கொட்டகையில் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பெண்களுக்கு வகுப்பு நடந்தது. முதலில் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த மறுநாள், கோயில் வாசலில் மாட்டியிருந்த போர்டை வடிவு வாசித்தாள். டில்லிக்கு வந்த நாளிலிருந்து அந்தப் போர்டைக் கடக்கும்போதெல்லாம் சுவாமி மந்திரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவள் அவள். அதில் எழுதியிருந்தது, 'செருப்புகளை இங்கே விடவும்.'

அவள் சிரிக்கவில்லை. போர்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை காலமும் யாரோ அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவள்தான் காதில் வாங்காமல் இருந்திருக்கிறாள். ஊர் முழுக்க இப்படி எத்தனை போர்டு! எத்தனை பேர் வாயைத் திறக்காமலே பேசிக்கொண்டிருக்கிறார்கள்! செருப்பைக் கழற்றி இங்கே விட்டாள்.

இந்த வருஷம் அதே கொட்டகையில் இங்கிலீஷ். அதற்குத்தான் வேட்டு வைக்கப் பார்த்தான் அவள் புருஷன் காத்தவராயன். வெள்ளையடிக்கிற தொழில் அவனுக்கு. குளிர்காலத்தில் வேலையும் இருக்காது, நெஞ்சுச் சளியும் விடாது.

"போகல் பஜார்ல ஒரு சர்தார் வூட்டுல சாயங்கால வேலைக்கு ஆள் வேணுமாம்" என்றான். "பாத்திரம் மட்டும்தான். ஆறு மணிக்குப் போனா எட்டு மணிக்கு வந்துடலாம். ஒண்ணாந்தேதிலேர்ந்து போயேன். கடனாவது சட்டுனு தீரும்."

"ஆறு மணிக்கு எனக்கு க்ளாசு இருக்குதே."

"இன்னாடி க்ளாசு? இங்கிலீசு படிச்சு பார்லிமெண்டுக்கா போவப் போற?"

"போனா ஒன்னத்தான் கூப்புட்டு வெள்ளையடிக்கச் சொல்லுவேன். ஒழுங்கா அடி."

அவன் இருமிக்கொண்டே சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். காலையில் மூன்று வீடு முடித்து வருவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. நாலாவது வீடு என்றால் கொட்டகைப் பக்கம் இனித் தலைவைக்க முடியாது. ஒரு தடவை விட்டால் விட்டதுதான். இந்த வயதில் யார் அவளுக்காகக் காத்திருக்கப்போகிறார்கள்? கடன் இருக்கிறவரை வேறு வழியில்லை. "சரி, ஒண்ணாந்தேதி வரட்டும்" என்றாள்.

அந்த மாதத்தின் கடைசிச் செவ்வாய் அன்று ஜ்யோத்ஸ்னா வந்து கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதினாள். ஜ்யோத்ஸ்னா கரோல் பாகிலிருந்து பஸ் பிடித்து வருகிற காலேஜ் பெண். அப்பா ஏதோ பெரிய ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசர். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. பெண்கள் இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால், "நீங்களே படிச்சுக் காட்டிடுங்கோ ஆன்ட்டி" என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"இன்னிக்கு வர்ட், இனஃப். மத்லப், போதும். ஆளுக்கு ஒரு சென்டென்ஸ். ஜல்தி, ஜல்தி!"

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் தன் வாயில் கிடக்கிற சொல், இதோ வெள்ளை வெளேரென்று பலகையில் நிற்கிறது. தெரிந்த ஆளைக் கோயில் சிலையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

கேம்ப்பிலேயே வாய்த்துடுக்கு அதிகமான லீலாவதி முதலில் எழுந்தாள். "மை ஹஸ்பண்ட் ஒன். இனஃப்."

கொட்டகை சிரிப்பில் ஆடியது. பக்கத்தில் இருந்த ஆராயி கேட்டாள், "ஏம் பாப்பா, அந்த ஒண்ணே ஜாஸ்தின்னு சொல்றதுக்கு இன்னா வார்த்தை?"

"டூ மச். அது அடுத்த க்ளாஸ். வடிவு ஆன்ட்டி, நீங்க?"

வடிவு எழுந்தாள். ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்தாள். "எவ்ரி மந்த், மேடம் ஆஸ்க், இனஃப்? ஐ சே, இனஃப், இனஃப்."

"வெரி குட்!" என்று கை தட்டினாள் ஜ்யோத்ஸ்னா. "அச்சா, அப்போ மேடம் சம்பளம் நன்னா தராளா?"

"எங்க பாப்பா. போதவே போதாது."

"அப்புறம் ஏன் இனஃப்னு சொல்றேள்?"

இதென்ன கேள்வி என்று வடிவு பார்த்தாள். "நாம போதும்னு சொன்னாத்தான அவங்க மேல ஒரு கை போடுவாங்க?"

சின்னசேலம் பக்கம் களத்தில் கூலி நெல் அளந்த காலத்திலிருந்து அவள் அறிந்த மரியாதை அது. முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். மரக்கால் கவிழ்ந்ததும், "போதுங்க, போதுங்க" என்று பின்வாங்க வேண்டும். பின்வாங்கினவளுக்கு அளக்கிற ஆள் குவியலிலிருந்து மேலே ஒரு கை அள்ளிப் போடுவார். 'போதாது' என்று வாயைத் திறந்தவள் வாயாடி. அவளுக்கு அந்தக் கையும் கிடைக்காது. அந்த வழக்கத்தை ரயிலேற்றிக் கொண்டுவந்து, ஜங்புரா மூன்றாம் மாடியில் இங்கிலீஷில் செய்துகொண்டிருந்தாள் வடிவு.

"போட்டாளா மேல ஒரு கை?"

"இல்ல."

"எத்தனை நாளா இப்படிச் சொல்றேள்?"

"வேலைக்குச் சேர்ந்தது மொதலா. நாலு வருசம் ஆச்சு. சம்பளமும் அன்னிக்கு வச்சதுதான்."

ஜ்யோத்ஸ்னா சிரிக்க வாயெடுத்தவள், மற்ற பெண்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கொட்டகையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. லீலாவதி தலையைக் குனிந்திருந்தாள். "நானும் எங்க வூட்டம்மாகிட்ட அதத்தான் சொல்லிகினு இருக்கேன்" என்றாள் ஆராயி, யாரிடமோ சொல்வதுபோல.

"ஆன்ட்டி," என்றாள் ஜ்யோத்ஸ்னா மெதுவாக, "உங்க சென்டென்ஸ்ல ஒரு தப்பும் இல்ல. ஆனா அது பொய். மேடம் அதை நெஜம்னு நெனச்சுண்டிருக்கா. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமைக்கு இதே வர்டை வெச்சு நெஜமா ஒண்ணு எழுதிண்டு வாங்கோ."

அந்த மூன்று நாளும் வடிவு அந்தச் சொல்லோடேயே குடித்தனம் நடத்தினாள். தரை துடைக்கும்போது 'இனஃப்', துணி அலசும்போது 'இனஃப்'. டாங்கர் தண்ணீருக்கும் அது பொருந்தியது. காத்தவராயனின் மருந்துக்கும், சுவரில் பாதியோடு நின்றுபோன பூச்சுக்கும் பொருந்தியது. ஒரே சொல் எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்து, இருக்கிறதா இல்லையா என்று அளந்து காட்டியது. கையளவுகூட இல்லாத சொல், எத்தனை பெரிய மரக்கால்! இதைப் போய் இத்தனை வருஷம் மேடத்தின் முன்னால் தவிடு மாதிரி ஊதிவிட்டிருக்கிறோமே என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் எழுதிக்கொண்டு போனது ஒரே வரி. எழுந்து நின்று வாசித்தாள். "இட் இஸ் நாட் இனஃப்."

"கரெக்ட்" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

கொட்டகையில் சொல்வது ஒன்று, மூன்றாம் மாடியில் சொல்வது வேறொன்று. போதாது என்றால் வேறு வீடு பார்த்துக்கொள் என்பார் மேடம். பாக்கியை இப்போதே வை என்றும் கேட்பார். கேட்டால் எங்கே போவது? ஒன்றாம் தேதி காலையில் படியேறும்போது அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். பேசாமல் பழைய பாட்டையே பாடிவிட்டு, சாயங்காலம் சர்தார் வீட்டுக்குப் போய்விடுவது.

பாத்திரம் கழுவினாள். தரை துடைத்தாள். மேடம் வெயில் விழுகிற நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பர்ஸைத் திறந்து மூன்று தாளை எடுத்தார். நீட்டினார்.

"இனஃப்?"

வடிவு வாயைத் திறந்தாள். பழக்கப்பட்ட சொல் நுனிநாக்கில் வந்து நின்றது. அதைப் பலகையில் பார்த்த கண்ணால் இப்போது பார்த்தாள். வெள்ளை வெளேரென்று நின்றது. பொய்யாக அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"நோ, மேடம்." குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "இட் இஸ் நாட் இனஃப்."

மேடத்தின் கை அந்தரத்தில் நின்றது. மூன்று தாளும் வெயிலில் லேசாக ஆடின. கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனது அத்தனை தெளிவாகக் கேட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பெரிய மனுஷி, எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், அவள் வாயிலிருந்து விழுந்த நாலு சொல்லைக் காதில் வாங்கி, யோசித்து, அவள் முகத்தையே பார்ப்பதை வடிவு கண்டாள். இந்த வீட்டுக்கு வந்து இதுவரை இருவரும் இப்படி ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கோபமாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். கோபமில்லை. மேடம் குழம்பிப்போயிருந்தார்.

"லேகின்... எவ்ரி மந்த் யூ ஸே இனஃப்?"

இதற்கு இங்கிலீஷ் வடிவிடம் இல்லை. ஹிந்தியும் கைகொடுக்கவில்லை. சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தரையில் டப்பாவை வைத்து, முந்தானையை விரித்து ஏந்தினாள். ஒரு டம்ளர் அரிசியை முந்தானையில் கொட்டினாள். "இனஃப், இனஃப்" என்று இரண்டடி பின்னால் போனாள். உடனே அந்தப் பக்கம் நகர்ந்து அளக்கிற ஆளாக மாறி, விறைப்பாக ஒரு கை அள்ளி மேலே போட்டாள். மறுபடி இந்தப் பக்கம் வந்து, சந்தோஷமாகக் கும்பிட்டாள். அப்புறம் மேடத்தின் பர்ஸைக் காட்டி, வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் கண் விரிந்தது. பிறகு தோள் குலுங்கியது. வாய்விட்டுச் சிரித்தார். தங்கள் ஊரிலும் சோற்றுக்கு அப்படித்தான், மீனுக்கு அப்படித்தான், போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும் என்று ஹிந்தியும் இங்கிலீஷுமாகச் சொன்னார். "பட் ஸாலரி? தன்க்வாஹ் மே பி?" சம்பளத்துக்குமா இதைச் செய்வாய் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சிரிப்பு நின்றபோது அவர் கண் ஈரமாக இருந்தது. சிரித்ததால்தானா என்று வடிவுக்குத் தெரியவில்லை. நாலு வருஷமும் மாதம் தவறாமல் கேட்டேன், போதும் என்றாய், உனக்குப் போதுமாக்கும் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன் என்றார். வருஷா வருஷம் நானே சம்பளத்தை ஏற்றியிருக்க வேண்டியது, அதைக் கூட்டினால் நீ தர வேண்டியதற்கு மேலேயே வரும் என்றார். அவர் சொன்னது பாதிதான் வடிவுக்குப் புரிந்தது. ஆனால் கடைசியில் சொன்னது நன்றாகப் புரிந்தது. இந்த மாதத்திலிருந்து அறுநூறு. பிடித்தம் கிடையாது.

"அவுர் உதார், கதம்" என்று கையால் வெட்டிக் காட்டினார். கடன் முடிந்தது.

இரண்டாயிரத்து நூறு. ஒரு சுவர். சர்தார் வீட்டுச் சாயங்கால வேலை. எல்லாம் அப்படியே காற்றில் போய்விட்டதா?

உடனே அவள் தொண்டையில் ஒன்று கிளம்பியது. 'ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க மேடம்' என்று. பிறந்ததிலிருந்து பழகிய சொல். பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். கை ஏற்கெனவே பாதி உயர்ந்திருந்தது. மேடமோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற மனுஷி. 'நோ' என்றால் 'நோ' என்று வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் மறக்காமல் நூற்றைம்பதைப் பிடித்துவிடுவார்.

வடிவு எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினாள்.

"தேங்க் யூ, மேடம்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமல் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

மேடம் தலையசைத்தார். பர்ஸிலிருந்து இன்னும் மூன்று தாளை எடுத்து, அந்த மூன்றோடு சேர்த்து அவள் கையில் வைத்தார்.