மூன்றாவது ஜன்னல்

"ஐயய்யோ, வெள்ளையடிச்சிட்டேங்க!" என்று மவுஸிலிருந்து கையை எடுத்தாள் அவள். திரையிலிருந்த பேருந்தின் முதல் ஜன்னலை ரப்பரால் தேய்த்ததும், கண்ணாடி மறைவதற்குப் பதில் சுவர்போல வெளுத்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த கணவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க ஒரு நிமிடம் பிடித்தது.

இன்றோ நாளையோ என்று சொல்லித்தான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷம் பேருந்து ஓட்டியவர், ஓய்வுபெற்றும் கை சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரில் பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். இலவசமாகக் கிடைத்த படம் வரையும் மென்பொருளில் தன் பழைய வண்டியை அச்சு அசலாக வரைந்து, அந்த விளையாட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். நெளிந்த பம்பர், ஒட்டுப்போட்ட கதவு எல்லாம் முடிந்து, வெளியே தெரியும்படி ஜன்னல் கண்ணாடிகளை அழிப்பது மட்டும் பாக்கி இருந்தபோது கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

"அந்த வண்டியில ஒரு நாள்கூட நான் பயணியா ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை," என்றார் காலையில். "ஒரே ஒரு ட்ரிப். வேடிக்கை பார்த்துட்டு வந்துடறேன்."

தானே செய்து தருவதாக மகள் சொன்னாள். "உனக்கு அவசரம் ஜாஸ்தி. இதுக்குத் துணி வெட்டுற கை வேணும்," என்று மனைவியைக் காட்டிவிட்டார். அவளோ முப்பது வருஷமாகத் தெருமுனையில் தையல்கடை வைத்திருப்பவள். கம்ப்யூட்டரைத் தூசி தட்ட மட்டுமே தொட்டவள்.

"டெய்லரம்மா, செஞ்சதை ரத்து பண்ணிட்டு முதல்ல ஆல்பா சேனலைச் சேர்த்துக்கோ, ஊடுருவித் தெரியவைக்கிறது அதுதான். அது இல்லேன்னா ரப்பர் அழிக்காது, பின்னாடி இருக்கிற கலரைத்தான் பூசும்."

அவர் சொல்லச் சொல்லச் சேர்த்தாள். மறுபடி தேய்த்தாள். "டிரைவர் சார், இப்ப கட்டம் கட்டமா வருது, சட்டைத்துணி மாதிரி."

"அதான் சரி. அங்க ஒண்ணுமில்லைங்கிறதுக்கு அடையாளம் அந்தக் கட்டம்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க இவ்வளவு டிசைன்?"

மறுபடி சிரிப்பு, மறுபடி இருமல். சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்பாவைச் சிரிக்க வைக்காதேயேன்!"

"விடும்மா, சிரிச்சா என்ன தேஞ்சா போயிடுவேன்?" என்றார் அவர்.

"முழுசா அழிச்சிடாதே," என்று அடுத்து மனைவியிடம் திரும்பினார். "லேசா மிச்சம் வை. கண்ணாடி இருக்குன்னு தெரியணும்." அவள் ரப்பரின் அழுத்தத்தைக் குறைத்து, ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுவதுபோல ஓரம் பிசகாமல் ஆறு ஜன்னல்களையும் முடித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் விளையாட்டுக்குள் ஏற்றிப் பார்த்தால், ஆறும் மறுபடி வெள்ளை!

"போட்டோ மாதிரி சேமிச்சிட்டே. அதுல ஆல்பா நிக்காது. பிஎன்ஜிங்கிற வகையில சேமி," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். நேரம் போதாமல் போய்விடக் கூடாது. அவர் சொன்னபடி மறுபடி சேமித்து ஏற்றினாள்.

இந்தத் தடவை தெரிந்தது. விளையாட்டின் பார்வையை ஓட்டுநர் இடத்திலிருந்து மூன்றாவது பயணி இருக்கைக்கு மாற்றச் சொன்னார்; மாற்றினாள். அந்த ஜன்னலில் மரம், மழையில் நனைந்த தெரு, சைக்கிளில் போகிற ஒருவன்.

"அட!" என்றார் அவர்.

பயணி ஜன்னலோரம் உட்கார்ந்தாயிற்று. ஓட்ட ஆள் வேண்டுமே. அவர் காட்டிய விசைகளை அழுத்தி அவள்தான் ஓட்டினாள். அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் முன்னால் இருக்கும் சாலை ஒரு கீற்றுதான் தெரிந்தது. வண்டி நடைபாதையில் ஏறியது, விளக்குக் கம்பத்தில் இடித்தது.

"பிரேக்! பிரேக்கைப் போடு! நல்லா ஓட்டறே போ!"

"பயணி பயணியா உட்காருங்க. டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கில்ல?"

"உத்தரவு, டிரைவரம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "அதோ பாரேன், மாடியில துணி காயுது. இத்தனை தடவை ஓட்டியிருக்கேன், இதைப் பார்த்ததே இல்லை," என்றார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமான புதிதில்கூட இருவரும் இப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

தெரு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. "என்னங்க, லெஃப்ட்டா, ரைட்டா?"

பதில் இல்லை. ஒரு வாரமாக இரவும் பகலும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்த அந்த மூச்சின் இரைச்சலும் இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தானாகவே இடது பக்கம் திருப்பினாள். வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். நடுவில் வந்த இரண்டு நிறுத்தங்களிலும் ஒழுங்காக நின்றாள். எங்கும் இடிக்கவில்லை. கடைசி நிறுத்தத்தின் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் திறந்தாள். முடியாத ஒருவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகுதான் கட்டில் பக்கம் திரும்பினாள்.