குறைந்தது பத்துப் பேர்

அவளுக்குக் கோபம் வந்தால் வீடு சுத்தமாகும். அன்று மாலை நாற்காலி மேல் ஏறி நின்று மின்விசிறியின் இறக்கைகளை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னிக்கு யாரு?" என்றான்.

"பரவாயில்லை."

"கோபம் போயிடுச்சா, இல்ல, அந்த ஆளா?"

அந்த ஆள்தான். துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பரவாயில்லை'. கூரை ஒழுகுகிறது என்றாலும் பரவாயில்லை, பாடம் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. இன்று ஒரு பெண்ணின் வேலை போகப் போகிறது என்று போய்ச் சொன்னதற்கும் அதையேதான் சொன்னார். அவள் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி முதல் இறக்கையிலிருந்து தொடங்கினாள். கணவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். கீழே பார்க்காமலே சொல்லி முடித்தாள்.

மனிதவள மேலாண்மை முதுகலைப் படிப்பில் அவள் மாலைப் பிரிவுக்கு விரிவுரையாளர். பகலில் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வருகிறவர்கள் அந்தப் பிரிவில் படிக்கிறார்கள். ஆண்டு முடிவில் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் படிப்பைப் பற்றிக் கருத்துக் கேட்க வேண்டும். இதுவரை அச்சடித்த தாளைக் கொடுத்து எண்ணுக்கு வட்டம் போடச் சொல்வார்கள். எல்லோரும் மேலிருந்து கீழாக ஒரே எண்ணுக்கு வட்டம் போட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். இந்த முறை அவள்தான் சண்டை போட்டு மாற்றினாள். வட்டமாக உட்கார்ந்து பேசலாம். துறைத்தலைவர் உள்ளே வரக் கூடாது. பேர் எழுத மாட்டோம்.

"யார் சொன்னதுன்னு இந்த ரூமைத் தாண்டிப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு," என்று அவள் சொல்லியிருந்தாள்.

முதலில் விசிறி சத்தம் போடுகிறது என்றார்கள். நூலகம் சீக்கிரம் மூடுகிறது என்றார்கள். அப்புறம் அக்கா பேசினாள்.

அக்கா அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவு எழுத்தர். வகுப்பில் எல்லோரையும்விட வயதில் மூத்தவள் என்பதால் ஆசிரியர்களுக்கும் அவள் அக்காதான். படிப்புக்கான கட்டணத்தைத் தொழிற்சாலை கட்டுகிறது. அதே தொழிற்சாலைக்குத்தான் இந்தப் படிப்பின் மாணவர்கள், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டாவது, பயிற்சிக்குப் போகிறார்கள். அங்கே ஆள்குறைப்பு நடக்கிறது. வேண்டாத தொழிலாளிகளை ஒவ்வொருவராக ஒரு சின்ன அறைக்குக் கூப்பிடுகிறார்கள். எதிரில் பயிற்சி மாணவர் உட்கார்ந்திருப்பார். நானே விரும்பி விலகுகிறேன் என்று கையெழுத்து வாங்குவது அவர் வேலை. பணியாளர் பிரிவுக்காரர்கள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார மாட்டார்கள். மதியம் அதே முகங்களோடு கேன்டீனில் சாப்பிட வேண்டுமே. மாணவர்கள் என்றால் பயிற்சி முடிந்ததும் போய்விடுவார்கள். கையெழுத்து அதிகம் வாங்கினவருக்குத் தொழிற்சாலை நல்ல அறிக்கை கொடுக்கும்.

"வேலை போறது அவங்களுக்கு, மார்க் வர்றது இவங்களுக்கு," என்றாள் அக்கா. வட்டத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்கள்.

அவள் அதை அறிக்கையில் அப்படியே எழுதினாள். பேர் போடவில்லை. துறைத்தலைவர் படித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது, ஆனால் துறையின் ஆலோசனைக் குழுவுக்கு அட்டவணை இருந்தால்தான் பிடிக்கும் என்று அவரே உட்கார்ந்து ஒன்று தயாரித்தார். எந்தப் பிரிவு, ஆணா பெண்ணா, வேலையில் இருப்பவரா, எந்தத் துறை, என்ன கருத்து. மாலைப் பிரிவு, பெண், பணியில் இருப்பவர், உற்பத்தித் துறை என்ற வரிசையில் அந்தக் கருத்து உட்கார்ந்திருந்தது. மாலைப் பிரிவில் தொழிற்சாலையிலிருந்து வருகிற பெண் அக்கா ஒருத்திதான்.

கருத்துக்கணிப்பு முறைகள் பாடத்தை நடத்துகிறவர் துறைத்தலைவர். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவைத் தனியாகக் காட்டக் கூடாது, காட்டினால் ஆளைக் காட்டிக்கொடுத்ததாகும் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போடுவார். ஆண்டுதோறும் தேர்வில் அந்தக் கேள்வி வரும். தன் கையால் அட்டவணை போட்டபோது அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அதை அவளிடமும் காட்டியிருந்தார். அவள் பார்த்தது கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று. அதனால்தான் விசிறியை இரண்டாம் முறை துடைத்துக்கொண்டிருந்தாள்.

அட்டவணை ஆலோசனைக் குழுவுக்குப் போனது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பணியாளர் மேலாளர் அந்தக் குழுவில் உறுப்பினர்.

இன்று மதியம் அக்கா அவளுடைய அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கட்டணத்தை நிறுத்திவிட்டார்கள், வியாழக்கிழமை காலை அந்த அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

"எந்த அறைக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதே ரூம்தான் மேடம். இத்தனை நாள் அந்தக் கடுதாசியை டைப் அடிச்சுக் குடுத்தவ நான். இப்ப எனக்கும் ஒண்ணு அடிச்சு வச்சிருக்காங்க. எழுத்துப் பிழை வேற."

அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அதை வச்சு நான் என்ன பண்ண? வீட்டுல ரெண்டு பேர் படிக்கிறாங்க. வீட்டுக்காரருக்கு வேலை போனதுலேருந்து என் சம்பளம்தான். நாளைக்குப் புதன்கிழமை, உங்க குழு கூடுதுல்ல? நான் சொன்னது பொய் இல்லன்னு அங்க இன்னொரு வாய் சொல்லணும். பயிற்சியை நிறுத்தினா அந்த ரூமுக்கு ஆள் இல்ல. ஆள் இல்லன்னா கொஞ்ச நாளாவது தள்ளிப்போகும்."

இவ்வளவையும் கேட்ட கணவன், இன்னொரு வாய் இருக்கிறதா என்றான்.

இருந்தது. அதுதான் தொல்லை.

ஆசிரியர்களிடமும் அவள்தான் கருத்துக் கேட்டாள், அதே உறுதியைக் கொடுத்து. துறையின் கால அட்டவணையைப் போடுகிற டைம்டேபிள் சார், மாணவர்களை மேற்பார்வை பார்க்கப் போனபோது அந்த அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததாகவும், உள்ளே ஒரு வயதான ஆள் தன் பேரை எழுதத் தெரியாமல் நம் மாணவனிடமே கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அன்று சாப்பிட முடியவில்லை என்றும் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை அவரைப் படிக்கட்டில் மடக்கினாள். குழுவில் அதையே சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"நான் உன்கிட்டதானேம்மா சொன்னேன்? ஊருக்கா சொன்னேன்? என் ஒப்பந்தத்துல வருஷா வருஷம் கையெழுத்துப் போடுறது யாரு, உங்க வீட்டுக்காரரா?"

"அந்தப் பொம்பளைக்கு நாளைக்கு வேலை போகுது சார்."

"எனக்கு மே மாசம் போகும். நீ என் பேரைச் சொல்லு, நான் இல்லவே இல்லைம்பேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் கோவிச்சுக்காத."

கோவித்துக்கொள்ளாமல் என்ன செய்வது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் பேரைச் சொல்ல அவளால் முடியாது. ஒருத்தியைக் காட்டிக்கொடுத்த கணக்கை இன்னொருவரைக் காட்டிக்கொடுத்து நேர்செய்ய முடியுமா? அவர் கீழே போனார். அவள் மேலே போனாள்.

குழுக் கூட்டம் நீள மேசை அறையில். தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட் தட்டுகள், குளிரூட்டியின் முனகல். மேலாளர் மெல்லிய குரலில் பேசும் மனிதர். பயிற்சியால் மாணவர்கள் அடைந்த நன்மைகளைச் சொன்னார். கடைசியில் அட்டவணையை விரலால் தட்டினார். இது ஒரே ஒருவரின் கருத்து, அந்த நபருக்கும் நிறுவனத்துக்கும் வேறு சில பிரச்சினைகள் இருக்கின்றன, அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றார்.

"பேர் இல்லாத கருத்து சார் அது," என்றாள் அவள். "எந்த நபர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேலாளர் துறைத்தலைவரைப் பார்த்தார். துறைத்தலைவர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

"பரவாயில்லை, பரவாயில்லை. யாருங்கிறது முக்கியமில்ல. வேற யாராவது இதைச் சொன்னாங்களா? அதைச் சொல்லுங்க. ஒரு ஆள் பேச்சை வச்சு பயிற்சியை நிறுத்த முடியாது."

மேசையின் கோடியில் டைம்டேபிள் சார் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். நிரம்பிய பிறகும் ஊற்றினார்.

அவள் அவரைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். யார் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று தேடிக்கொண்டே இருந்தவளுக்குக் காதுவரை சூடேறியது. சொன்னதைக் காதில் வாங்கியது யார்? அதை யோசிக்கவே இல்லை.

"போன பருவ வைவா சார்," என்றாள். "நானும் நீங்களும்தான் கேள்வி கேட்டோம். ஒரு பையன் பயிற்சி அனுபவத்தைச் சொன்னான். கையெழுத்துப் போட மாட்டேன்னு அழுத ஒரு அம்மாவை எப்படிப் பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சேன்னு விவரமாச் சொன்னான். பேரத் திறமைன்னு ஒரு மார்க் இருக்கு. நான் முழுசாப் போட்டேன். நீங்க எழுந்து கை குலுக்கினீங்க."

மேலாளர் அட்டவணையிலிருந்து விரலை எடுத்தார்.

"அந்த மாதிரி எத்தனை வைவா சார்? எல்லாரும் சொன்னாங்க. நம்மகிட்டதான் சொன்னாங்க. நாம அதுக்குப் பேர் வச்சு மார்க் போட்டோம். அட்டவணையில ஒரு வரிசை சேர்த்துக்கோங்க. ஆசிரியர், பெண், மாலைப் பிரிவு. பேரையும் எழுதிக்கோங்க, தேடிக் கண்டுபிடிக்கிற சிரமம் வேண்டாம்."

இது இன்றைய பொருளில் இல்லை என்றார் துறைத்தலைவர். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர், எழுதட்டுமா வேண்டாமா என்று கேட்டார். அவள் எழுது என்றாள், அவர் இரு என்றார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பயிற்சி பற்றிய முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் புதிய கல்வியாண்டில். அக்காவுக்கு இருந்தது ஒரு இரவு.

வராந்தாவில் அக்கா காத்திருந்தாள். அவள் நடந்ததைச் சொன்னாள், வைவாவையும் மறைக்கவில்லை. அக்கா முழுவதும் கேட்டாள். வகுப்புக்குள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

மாலை வகுப்பு நிறைந்திருந்தது. அவள் வருகை எடுக்கவில்லை. சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினாள். தொழிற்சாலைப் பயிற்சிக்கு மதிப்பெண் போடுவது நான். அந்த அறையில் உட்கார்ந்து யாரிடமாவது கையெழுத்து வாங்குகிறவருக்கு நாளை முதல் பூஜ்யம். கீழே தன் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அழுத்தியதில் சாக்பீஸ் உடைந்தது.

புதிதாகக் கல்யாணமான ஒருவனை வகுப்பில் மாப்பிள்ளை என்பார்கள். அவன் எழுந்தான். உட்கார மறுத்தால் தொழிற்சாலை மோசமான அறிக்கை கொடுக்குமே என்று கேட்டான்.

"கொடுக்கட்டும். மார்க் போடுறது நான்."

"உங்களையே மாத்திட்டா மேடம்?"

"மாத்துற வரைக்கும் நான்தான்."

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை உட்காரவில்லை. நாளைக் காலை தன் முறை என்றான், முதல் நாளே வராமல் போனால் என்ன நினைப்பார்கள் என்றான்.

"டேய் மாப்பிள்ளை," என்றாள் அக்கா பின்வரிசையிலிருந்து. "நாளைக்கு உன் எதிர்ல யாரு உட்காரப் போறாங்கன்னு சொன்னாங்களா?"

அவன் திரும்பினான்.

"பட்டியல் காலையிலதான் குடுப்பாங்களாம் அக்கா."

"நான்தான் முதல் ஆள். நல்லாத் தயார் பண்ணிட்டு வா. நான் சுலபத்துல போட மாட்டேன்."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, நான் போகலக்கா, என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவனோடு போக வேண்டிய இன்னொருவன் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். எழுத அன்று பாடம் எதுவும் நடக்கவில்லை.

வகுப்பு கலைந்தது. அவள் அக்காவிடம் போனாள். நாளைக் காலை தொழிற்சாலை வாசலுக்கு வருவதாகச் சொன்னாள். உள்ளே விட மாட்டார்கள் என்றாள் அக்கா. வெளியே நிற்பதாகச் சொன்னாள். வெயில் அடிக்கும் என்றாள் அக்கா.

பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு அக்கா பலகையைப் பார்த்தாள்.

"இதை அந்த வைவா அன்னைக்கே எழுதியிருந்தா நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டியதில்ல மேடம்."

அவள் கையிலிருந்த சாக்பீஸ் துண்டைப் பெஞ்சில் வைத்தாள். அக்கா பையைத் தோளில் மாட்டினாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன். யார் வந்து உட்கார்ந்தாலும் சரி. உங்களுக்காகன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

பேருந்துக்கு நேரமாகியிருந்தது. அக்கா படிகளில் இறங்கி ஓடினாள்.