அழித்த பின் ஓடிய தூரம்

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனைக்குடியில் என் வீட்டுக் கார் கொட்டிலில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், அபுல் ஹஸன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். என் மனைவி ஆசியா உம்மா. எங்கள் ஒரே மகள் நஜ்லா. அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை றிஸ்கான், சம்மாந்துறைக்காரர், ஆஸ்பத்திரியில் மருந்தாளர். மாப்பிள்ளையின் தாய்மாமன் பாயிஸ். தகப்பன் மௌத்தாகி இல்லாத பிள்ளைக்கு எல்லாக் காரியத்திலும் முன்னுக்கு நிற்பவர் அவர்தான். வீரமுனையைச் சேர்ந்த மெக்கானிக் அழகரெத்தினம்.

இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கு இல்லை. பக்கத்து மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்ததாகப் பிறகு சொன்னார்கள். தெரிந்திருக்கலாம். அந்தத் தலையை நாங்கள் அழைக்கவில்லை. ஆறு பேர் கண்ட ஒன்றை இன்று ஊரில் பாதிப்பேர் கண்டதாகச் சொல்வதால் பெயர்களை முதலில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிவிடுவோம். அதற்கு மேல் கேட்பதும் கொடுப்பதும் கூடாது என்று எங்கள் பள்ளிவாசல் நிர்வாகம் தீர்மானம் எழுதியபோது, அதன் வசனங்களைத் திருத்திக் கொடுத்தவன் நான். ஆகவே கார் சீதனம் அல்ல. அதை யாரும் கேட்கவும் இல்லை. கலியாணம் பேசிய அன்று பாயிஸ் என் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "நல்லா வெச்சிரிக்கீங்க காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். பிறகு இரண்டாம் தரமும் நடந்தார். மூன்றாம் தரம் நடக்க விடுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை.

"கார் இனி மருமகனுக்குத்தான்" என்றேன். "பன்னிரண்டு வருசமா ஓடுது. ஒரு குறையும் இல்ல. இது என்ட வார்த்த."

கார் எங்கும் போகப்போவதும் இல்லை. அதே கொட்டிலில்தான் நிற்கும். பதிவுப் புத்தகத்தில் பெயர் மட்டும் மாறும்.

வார்த்தை கொடுத்து ஒன்பதாம் நாள் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மஞ்சள் நிறத்தில், எஞ்சின் வடிவில் ஒரு சிறு விளக்கு. அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பும்போது நிந்தவூரில் எரிந்தது. நான் வார்த்தை சொன்ன அன்று அது உண்மை. அதைத் தொடர்ந்து உண்மையாக வைத்திருப்பதுதான் சிரமமாகிவிட்டது.

இந்தக் காருக்குப் பன்னிரண்டு வருடமும் எண்ணெய் மாற்றியவர் அழகரெத்தினம். அவருடைய கராஜ் காரைதீவுச் சந்திக்கு அருகே இருக்கிறது. கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தச் சந்தியில்தான் திரும்புகிறார்கள். என் கார் அங்கே பொனட்டைத் திறந்துகொண்டு நின்றால் நான் வீடு வந்து சேருமுன் செய்தி பாயிஸிடம் சேர்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு கலியாண வீட்டு வாசலில் பாயிஸின் வான் ஓடாமல் நின்று, நான்கு பேர் தள்ளியபோது, வாகனத்தைக் கவனிக்கத் தெரியாதவர்கள் நடந்து வருவது நல்லது என்று நான் சொல்லியிருந்தேன். அன்று அவர் எனக்கு யாரோ. யாரோ என்று நினைத்துச் சொன்ன கதைகள்தான் பிறகு சம்பந்தம் பேச வருகின்றன.

ஆகவே ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. காரில் அதற்கென்று இருக்கும் துவாரத்தில் குத்திவிட்டால், எஞ்சினில் என்ன பிழை என்பதைப் புளூடூத் வழியாக நம்முடைய போனுக்குச் சொல்லும். கார் பற்றிய அறிவுக்காக என்று மட்டும் நஜ்லாவிடம் சொன்னேன். அவள் இணையத்தில் எடுப்பித்து, என் போனில் அதற்குரிய செயலியையும் போட்டுத் தந்தாள். அதோடு அவளுடைய பங்கு முடிந்தது. இந்த வசனத்தை வாசிப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஊரில் என்னை முதுகு வளைக்காத மனிதன் என்பார்கள். அந்தத் துவாரமோ ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடல்களுக்கு மேலே இருந்தது. முழங்காலில் நின்று, தலையை உள்ளே நுழைத்து, கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும். கேற்றைப் பூட்டிவிட்டு அதைச் செய்தேன். சாவியைத் திருப்பியதும் போனில் ஒரு இலக்கம் வந்தது. ஒரு எழுத்து, நான்கு எண்கள். எரிபொருள் கலவையில் காற்று அதிகம் என்று பொருள். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று விபரம், மற்றது அழிக்க. விபரத்தைத் தொட்டேன். பதினொரு காரணங்கள் இருக்கலாம் என்றது. மற்றதைத் தொட்டேன். விளக்கு அணைந்தது.

கார் சுகமாகிவிட்டது என்று நம்பினேன் என்று எழுதினால் அது பொய். வாய்க்காலில் நீர்மட்டம் காட்டும் அளவுகோலைப் பிடுங்கினால் வெள்ளம் வடிந்துவிடாது என்று எத்தனையோ விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னவன் நான். ஆனால் பிரஷர் உள்ளவர் தினமும் குளிசை போடுகிறார். அதை யாரும் ஏமாற்று என்பதில்லை. அக்கரைப்பற்றுக்குப் போகும்போது விளக்கு எரியாது. திரும்பும்போது நிந்தவூரில் எரியும். வீட்டுக்கு வந்து, கேற்றைப் பூட்டி, முழங்காலில் நின்று அழிப்பேன். இப்படியே மூன்று மாதம் போயிற்று. கலியாணத்துக்குப் பிறகு மருமகன் இதே வீட்டில் இருப்பாரே, அப்போது ஸுபஹுத் தொழுகைக்கு முன் எழும்பி அழிப்பதா என்ற கேள்வி எனக்கும் வந்தது. அதற்கு அப்போது பதில் தேடவில்லை.

அந்தச் சனிக்கிழமை பாயிஸின் வான் வாசலில் வந்து நின்றது. தானாகவே ஓடி வந்தது.

"சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு வந்த காக்கா" என்று பாயிஸ் இறங்கினார். பின்கதவால் றிஸ்கான் இறங்கினார். அவருக்குப் பின்னால், கையில் ஒரு பையோடு, அழகரெத்தினம்.

"சேர், பாயிஸ் ஹாஜியார்தான் கூட்டி வந்தார்" என்றார் அழகரெத்தினம். "ஆருட கார் எண்டு சொல்லல்ல."

"கெட்டிக்கார மெக்கானிக் எண்டு எங்கட ஊருல எல்லாரும் இவரத்தான் சொன்ன. ஒங்களுக்கும் தெரிஞ்சவரா? அப்ப இன்னும் நல்லம்" என்றார் பாயிஸ்.

"மூணு மாசமா சேரக் கராஜ் பக்கம் காணல்ல. சேருக்குத்தான் நேரமில்லையோ எண்டு நெனச்சன்" என்றார் அழகரெத்தினம்.

"காருக்கு ஒண்டும் இல்லாட்டி என்னத்துக்கு வரோணும்?" என்றேன்.

பாயிஸ் கையைத் தேய்த்தார். "சரி, பொனட்டத் தொறங்க பாப்பம்."

என் முற்றத்தில், என் காரில், என் வார்த்தைக்கு மேல் ஒருவர் கைவிளக்குப் பிடித்துப் பார்ப்பதா? "பொனட்டத் தொறந்து பாக்கிற காலம் போயிட்டு" என்றேன். உள்ளே போய், அத்தர் பெட்டியில் வைத்திருந்த ஸ்கேனரை எடுத்து வந்தேன். மாப்பிள்ளையாகப் போகிறவரைக் குனியச் சொல்வது முறையல்ல. பாயிஸுக்கு முன்னால் நான் குனிவது அதைவிட முறையல்ல. ஆகவே ஸ்கேனரையும் போனையும் றிஸ்கானிடம் கொடுத்தேன். அவர் இளந்தாரி, ஒரே குனிவில் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பிழை ஒண்டும் இல்ல மாமா" என்றார் என்னிடம். "பச்ச காட்டுது."

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றேன். பாயிஸுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரமும் சொன்னேன்.

அத்தோடு போனை வாங்கியிருக்க வேண்டும். ஆனால் றிஸ்கான் மருந்தாளர். மருந்துப் பெட்டியின் முன்பக்கத்தோடு நிற்கிறவர் அல்ல. பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் வாசிப்பவர். விரலால் அடுத்த பக்கத்தைத் தள்ளினார். மூன்று மாதமாக நான் ஒரு தரமும் தள்ளாத பக்கம்.

"இதுல இன்னொண்டு இரிக்கி. அழித்த பின் ஓடிய தூரம், மூணு கிலோமீற்றர்."

"என்னத்த அழிச்ச பொறகு?" என்றார் பாயிஸ்.

றிஸ்கான் போனைக் கீழே தாழ்த்தினார். சொன்னதன் பொருள் அவருக்கு அப்போதுதான் விளங்கியது போலும். அழகரெத்தினம் கொட்டிலின் கூரைத் தகட்டைப் பார்த்தார். பாயிஸ் அவரைத் தோளில் தட்டினார். "நீங்க சொல்லுங்க."

"பிழையொண்டு வந்து, அத அழிச்சா, அதுக்குப் பொறகு ஓடுற தூரத்த அது எண்ணும் ஹாஜியார்."

மூன்று கிலோமீற்றர். வெள்ளிக்கிழமை காலை அழித்தேன். ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போய் வந்தேன்.

"அப்ப கார் தௌபா செஞ்சி மூணு கிலோமீற்றர்தான் ஆகிரிக்கி" என்று பாயிஸ் கதிரையில் உட்கார்ந்து சிரித்தார். தௌபா செய்து மன்னிப்புக் கேட்டவர்களுடைய பழைய பாவத்தை இப்படி யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. "ஆர் காக்கா அழிச்ச?"

"நான்தான்" என்று ஒரு குரல் கேட்டது. தேத்தண்ணித் தட்டோடு வந்த ஆசியா உம்மாவுக்குப் பின்னால் நஜ்லா நின்றாள். "வாப்பாட போனப் பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள கை பட்டிட்டு."

ஆசியா உம்மா கோப்பைகளை மேசையில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று கோப்பை வைக்கும் நேரம் நான் பேசாமல் நின்றேன். இதை மறைக்க முடியாது. ஆறு பேர் இருந்தார்கள்.

பாயிஸின் சிரிப்பு நின்றுவிட்டது. "கை பட்டதா மகள்? நாங்க வாறம் எண்டு தெரிஞ்சி பட்டதா?"

நஜ்லா ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

"றிஸ்கான், வாங்க. மஃரிபுக்கு நேரமாகுது" என்று பாயிஸ் எழும்பினார். மஃரிபுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கலியாணப் பேச்சிலிருந்து எழும்புகிறவர்கள் இப்படித்தான் தொழுகை நேரத்தைச் சொல்வார்கள். அவர் அந்த வாசலைத் தாண்டினால் மறுநாள் சம்மாந்துறையில் என்ன கதை நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வருமுன்னே மாப்பிள்ளையை ஏமாற்றிய பெண் என்பார்கள். பிறகு எவர் வந்து கேட்டாலும் அந்தக் கதை அவருக்கு முன்னால் வந்து நிற்கும்.

றிஸ்கான் நகரவில்லை. குனிந்து ஸ்கேனரைப் பிடுங்கி நஜ்லாவிடம் நீட்டினார். "இத எங்க குத்தின எண்டு காட்டுங்களன்" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

நஜ்லா அதை வாங்கினாள். காரை ஒரு தரம் முன்னும் பின்னும் பார்த்தாள். பெற்றோல் அடிக்கும் மூடிப் பக்கமாக நடந்தாள். இரண்டு அடி வைத்தாள்.

"நில்லுங்க மகள்" என்றேன். "அழிச்சது நான்."

பாயிஸ் திரும்பினார். "நீங்களா? ஒரு குறையும் இல்ல எண்டு வார்த்த தந்த நீங்களா?"

"வார்த்த தந்த அண்டைக்கு அது சரி. ஒம்பது நாளைக்குப் பொறகுதான் லைட் எரிஞ்ச. அதுக்குப் பொறகு எரியிற நேரமெல்லாம் நான் அழிச்ச. புள்ளைக்கு இது ஒண்டும் தெரியா. என்ட மானத்தக் காப்பாத்தப் பாக்கா. அது அவட வேல இல்ல."

பாயிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முந்திய அந்தக் கலியாண வாசல் முழுவதும் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். பிறகு கதிரையை இழுத்து மறுபடி உட்கார்ந்து, கோப்பையை எடுத்தார்.

"நல்ல காலம்" என்றார். "எங்கட புள்ள முடிக்கப்போறது மகளத்தான். வாப்பாவ இல்ல."

ஆசியா உம்மா சிரித்துவிட்டாள். முப்பத்தாறு வருடத்தில் என் முன்னிலையில் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அது இரண்டாம் தரம். முதல் தரம் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை. நான் நிமிர்ந்துதான் நின்றேன். உட்காரும்படி யாரும் சொல்லவும் இல்லை.

"என்ன நம்பர் சேர் வந்த?" என்று அழகரெத்தினம் கேட்டார்.

அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்வதுபோல் சொன்னேன். "பீ, பூச்சியம், ஒண்டு, ஏழு, ஒண்டு."

அவர் பொனட்டைத் திறந்தார். எஞ்சினை ஓட விட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். எங்கேயோ கையை விட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தார். அதுவரை எனக்குக் கேட்காத ஒரு விசில் சத்தம், நின்ற பிறகுதான் கேட்டது. றப்பர் குழாய் ஒன்று வெடித்துக் காற்று இழுத்திருக்கிறது. பையிலிருந்து வேறு குழாய்த்துண்டு எடுத்துப் போட்டு, கையைத் துடைத்தார்.

"பேத்திட சாமத்தியச் சடங்குக்குச் சொல்ல, போன மாசம் வீட்டுக்கு வந்த நேரமே வாசல்ல கேட்டது சேர், இந்தச் சத்தம். சேர் ஒண்டும் சொல்லாததால நானும் கேக்கல்ல."

"வந்த வேலைக்கு அது சம்பந்தமில்லத்தானே" என்றேன்.

"ஓம் சேர்" என்றார்.

எஞ்சின் ஓடியதில் மறுபடி பதிந்த அந்தக் கடைசிப் பிழையை றிஸ்கான் தன் கையாலேயே அழித்தார். அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. கார் அவருடைய பெயருக்கு மாறி, அதே கொட்டிலில் நிற்கிறது. பாயிஸ் பெருநாளைக்கு வந்தபோது அதைச் சுற்றி நடக்கவில்லை. ஸ்கேனரை மருமகனிடமே கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்குப் புறப்படுமுன் அவர் அதைக் குத்தி, அழித்த பின் ஓடிய தூரத்தை எனக்குக் கேட்கும்படி வாசிப்பார். "மாமா, ரெண்டாயிரத்தி முன்னூத்திப் பதினாறு." மரியாதையான பிள்ளை. ஆனால் வாசிக்காமல் விடுவதில்லை.

இப்போது ஊரில் ஒரு கதை நடக்கிறது. உண்மையில் அழித்தது நஜ்லாதான் என்றும், மகளுடைய கலியாணம் குழம்பாமல் இருக்க வாப்பா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்றும், அபுல் ஹஸனைப் போல ஒரு தகப்பன் கிடைக்க வேண்டுமே என்றும் சொல்கிறார்கள். பள்ளிவாசலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து முஸாபஹா செய்தார்கள்.

அது பொய். நஜ்லா அந்தக் காரில் எதையும் அழிக்கவில்லை. அழித்தவன் நான். ஒன்பது தரம்.