பூஜையில் வைத்த திரைகள்

அருணா எழுதிய ஆம்புலன்ஸ் சாஃப்ட்வேரில் மூன்று துண்டுகள். ஒன்று நோயாளியின் அழைப்பை வாங்கும். இன்னொன்று முதலாளிக்கு ரிப்போர்ட் காட்டும். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது மூன்றாவதற்கு மட்டுமே தெரியும். மற்ற இரண்டும் அதைத்தான் கேட்க வேண்டும். அது ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும். யாருக்கு முதலில் என்று தீர்மானித்தவள் அருணா.

முதலாளி சீனுவாசனுக்குத் திரையில் வட்டம் சுற்றினாலே மூக்குமேல் கோபம் வரும். அவர் முதன்முதலாகப் பார்க்க வந்த அன்று ரிப்போர்ட்டுக்கே முதலிடம் என்று எழுதி, சபாஷ் வாங்கினாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டதோடு சரி. அவர் ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை, அழைப்புகள் பின்னால் நிற்பது யாருக்கும் தெரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. விழுப்புரம் ஆபீசில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். "எல்லாத்துலயும் ரிப்போர்ட்ட ஓட வுடுங்க, அம்சமா இருக்கும்" என்றார் சீனுவாசன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆளில்லாத அறையில் அத்தனை திரைகளும் வண்டி நிலவரத்தை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

மத்தியானம் திண்டிவனத்திலிருந்து அக்கா கிருஷ்ணவேணி கூப்பிட்டாள்.

"உங்க மாமாவுக்கு மார அடைக்குதாம். நீ போன்ல போட்டுக்குடுத்த ஆம்புலன்ஸ் ஆப்புல அழுத்தினேன். காத்திருக்கவும்னே காட்டிக்கினு இருக்கு. எதிர்வூட்டு ஆட்டோவுல போயிடட்டா?"

"ஆட்டோவுல குலுக்கிக்கினு போவாதக்கா. வண்டி வந்துடும், இரு."

சொல்லும்போது அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. தான் எழுதியதாயிற்றே. அக்கா மறுபடி அழுதுகொண்டே கூப்பிட்டபோதுதான் பூஜைத் திரைகள் ஞாபகம் வந்தன. பக்கத்துத் தெருதான் ஆபீஸ். ஓடிப்போய்க் கதவைத் திறந்து, மாலையும் பூவுமாக ஒயர்களைப் பிடுங்கிப் போட்டாள். திரைகள் அணைந்தன. அக்காவின் அழைப்பு அந்தக் கணமே நகர்ந்தது.

சற்று நேரத்தில் டிரைவர் அன்புச்செல்வன் பேசினான்.

"மேடம், பெரியவரு போய்ட்டாருங்க. காலையிலேர்ந்து இவுங்க தெருமுனையிலதான் வண்டியப் போட்டுக்கினு இருந்தேன். இப்பதான் எனக்கு மணியே அடிச்சிது."

பின்னால் யாரோ போனை வாங்கும் சத்தம். கிருஷ்ணவேணி திட்டவில்லை. திட்டியிருந்தால் அருணாவால் தாங்கியிருக்க முடியும்.

"நீ இருன்னு சொன்ன. இருந்தோம்" என்றாள்.