விசாரணை ஜன்னலில் ஒரு மூக்கு

அறுவை சிகிச்சை முடிந்த எட்டாம் நாள், காலை பத்தேகால் மணிக்கு, பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் உட்காரும் பெண்ணின் மூக்குக்குக் காது கேட்க ஆரம்பித்தது. முதலில் கேட்டது, கட்டைப் பிரித்த நர்சின் கத்தரிக்கோல். அடுத்தது, அந்த நர்சின் கொட்டாவி.

அவள் பிறந்தபோதே மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. மூன்றாம் மாதம் உதட்டைத் தைத்தார்கள், ஒரு வயதில் அண்ணத்தை மூடினார்கள், மூக்கை மட்டும் வளர்ந்து முடிக்கட்டும் என்று கடைசிக்கு விட்டுவைத்தார்கள். அது இடப்பக்கம் சப்பையாகி, நுனி வலப்பக்கம் சாய்ந்து, யாரையோ தேடுவது போலவே வளர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை உண்டு. யார் எதைக் கேட்டாலும் முகத்தைத் திருப்பி, இடது காதை அந்த ஓட்டைக்குக் கொடுப்பாள். நான்கு வருடமாகப் பயணிகள் அந்தக் காதிடம்தான் வண்டி நேரம் விசாரித்தார்கள். காதைத் தெரியாதவர் ஊரில் இல்லை. முகத்தைத் தெரிந்தவர் வீட்டார் மூவர்.

சரிந்த மூக்குக்கு முட்டுக் கொடுக்கக் குருத்தெலும்பு வேண்டும். மருத்துவர் அதை அதே இடது காதிலிருந்து எடுத்தார். காதின் வடிவம் மாறாது, கேட்பதும் குறையாது என்று சொல்லித்தான் எடுத்தார். வடிவம் மாறவில்லை. கேட்பதுதான் துண்டோடு சேர்ந்து குடிபெயர்ந்துவிட்டது. காதுப் பிரிவு அவளை மூக்குப் பிரிவுக்கு அனுப்பியது, மூக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. கடைசியில் சத்தம் புகாத அறையில் மூக்கின் மேல் ஹெட்போனைக் கவிழ்த்துச் சோதித்து, 'இயல்பாக உள்ளது' என்று முத்திரை குத்தினார்கள்.

"அக்கா, இனிமே என் விஷயத்துல மூக்க நுழைச்சே, காதும் கூடவே வந்துரும், ஜாக்கிரதை," என்றான் தம்பி. அவளுக்குச் சளி பிடித்த வாரம் அம்மா பேசியது பாதிதான் கேட்டது. அப்பா பொறாமைப்பட்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்றுதான் சிக்கல். வழக்கம்போல் இடது காதைக் கொடுத்தாள். பயணியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வலது காதுப் பக்கம் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த வழி ஒன்றே ஒன்று. அதற்கு மனம் வராமல் மருத்துவரிடம் ஓடினாள்.

"அந்தத் துண்ட எடுத்துக் காதுலயே வச்சுட்டு, மூக்குக்கு விலாவுலேர்ந்து வேற வச்சிடலாம்மா. மூக்கு நேராவே இருக்கும், காதும் பழையபடி கேக்கும்."

"நானும் பழையபடி திரும்பியே உக்காந்துக்கலாம்?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லம்மா," என்று தேதி எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம், தினமும் வரும் மூக்குக்கண்ணாடிக்காரர் ஓட்டையில் குனிந்தார். அவள் தேதிச் சீட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முகத்தை நேராகக் கொண்டுவந்து, மூக்கை ஓட்டையில் வைத்தாள்.

"ரெண்டேகால் வண்டி போயிடுச்சா?" தெளிவாகக் கேட்டது.

"போயிடுச்சு சார். அடுத்தது மூணு இருபது."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "புதுசா சேந்திருக்கீங்களா? இங்க ஒரு காது இருந்துதே."

"அதேதான் சார். இடம் மாத்திக்கிச்சு."

"நினைச்சேன். குரல் அதேதான்," என்று சொல்லிவிட்டு அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மருத்துவமனைத் தேதி வந்து போனது, அவள் போகவில்லை. மழைக்காலம் முடிந்து கண்ணாடி மாற்றியபோது, நிலைய நிர்வாகம் ஓட்டையை இரண்டு விரற்கடை இறக்கி, அவள் மூக்கு உயரத்துக்கு வெட்டிக் கொடுத்தது.