கேசட்டில் சொன்ன பெயர்

சிம்பாங் பூலாய் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் குரல் கேட்டது. நான் வாயைத் திறக்கவே இல்லை. நாலு கடை தள்ளி, கேசட் விற்கிற ஒருவனின் ரேடியோப் பெட்டிக்குள் நான் பாடிக்கொண்டிருந்தேன்.

கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். மேசை நிறைய என் கேசட்தான். ஆனால் அட்டையில் நான் இல்லை. யாரோ ஒரு வடநாட்டு நடிகை, தோளைக் காட்டிப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் என் பெயர் இல்லை. ‘நாட்டுப்புறப் பாடல்கள்’ என்று மட்டும் கோணல்மாணலாக அச்சடித்திருந்தான்.

“இது யாரு பாடினது தம்பி?”

“அதான் படம் போட்டிருக்கே அக்கா. அவங்கதான் லா.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “அடப்பாவி, அந்த மூஞ்சிக்குத் தமிழ்ல அம்மான்னு சொல்லத் தெரியுமாடா? பாடினது நான்!”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் என்னை மேலும் கீழும் பார்த்தான். தொழிற்சாலைச் சட்டை, தேய்ந்த சிலிப்பர், கையில் பிளாஸ்டிக் கூடை.

“நீங்க பாடினா என்ன, அவங்க பாடினா என்னக்கா? பாட்டு நல்லா ஓடுது. யாரு பாடினதுன்னு யாரு கேக்குறா?”

திமிராகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவன் பெயர் ராஜு என்பது பிறகுதான் தெரிந்தது.

என் பெயர் வீரம்மா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாளிலிருந்தே பாட்டுக் கட்டுவேன். வேலை வாங்குகிற தண்டலைக் கிண்டல் செய்து, மழைக்கு மரம் நனைந்து சம்பளம் போனதைச் சொல்லி, தொட்டிலில் கிடந்த என் மகளைக் கொஞ்சி, வாய்க்கு வந்ததையெல்லாம் பாடுவேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் ஈப்போவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஒரு கல்யாண வீட்டில் நான் பாடியதைக் கேட்டுத்தான் சிவசுப்பிரமணியன் செட்டியார் எனக்கு ஒரு கேசட் போட்டார். ஈப்போவில் அவருக்குக் கேசட் கடை. பின்னறையிலேயே பதிவும் செய்வார். முதல் கேசட் ஓடினால் இரண்டாவது என்று வாக்குக் கொடுத்திருந்தார். பாட்டெல்லாம் கட்டித் தயாராக வைத்திருந்தேன்.

மறுநாள் வேலை விட்டதும் நேரே கடைக்குப் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் செட்டியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எல்லாம் தெரியும் வீரம்மா. நாம ஊருக்கு ஒரு பெட்டி அனுப்பினா, அங்கேயே ரெண்டு டெக் ரேடியோவுல போட்டு ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துடுறாங்க. இதைத் தடுக்கப் புதுசாச் சட்டம் வரப்போகுதாம். வரட்டும். அதுவரைக்கும் ரெண்டாவது கேசட்டுங்கிற பேச்சே வேணாம்.”

“அப்ப என் பாட்டு?”

“அதான் ஊரே கேக்குதே, பத்தாதா?”

“ஊரே கேக்குது. எவளோ பாடுறான்னுல்ல கேக்குது!”

கல்லாவில் இருந்த அவர் மனைவி விசாலி ஆச்சி தலையை நிமிர்த்தினார். “அவ கேக்குறது நியாயந்தானே?” என்றார். செட்டியார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

முதல் கேசட்டையே மறுபடி போடுவது. ஆனால் ஒவ்வொரு ஊர் ஏஜெண்டுக்கும் அனுப்புகிற பெட்டியில், பாட்டுக்கு முன்னால் அந்தக் கடைக்காரர் பெயரை நான் சொல்ல வேண்டும். கள்ளக் கேசட் எந்தப் பெயரோடு சந்தைக்கு வருகிறதோ, அந்த ஏஜெண்ட்தான் திருடன்.

“உறுமி அடிக்கும்போதே அது மேல பேசு. வெட்டிப் போட நினைச்சான்னா பாட்டும் சேந்து வெட்டுப்படும்” என்றார். எலிப்பொறி வைத்தவர் மாதிரி அவருக்கு ஒரே குஷி. “திருடனை மொதல்ல பிடிப்போம். பிடிச்சாத்தான் ரெண்டாவது கேசட்.”

பின்னறையில் மைக் முன்னால் நின்று, “வணக்கம். நான் வீரம்மா பாடுறேன். ஆயர் தாவார் சதாசிவம் அண்ணன் கடைக்காக” என்றேன்.

செட்டியார் டேப்பை நிறுத்தினார். “உன் பேரு எதுக்கு? கடைக்காரன் பேரு போதும்.”

“நான் யாருன்னு சொல்லாம அடுத்தவங்க பேரைச் சொல்றது எந்த ஊரு மரியாதை? அப்படின்னா நீங்களே பேசிக்குங்க. நான் வாரேன்.”

ஆச்சி வெளியிலிருந்து சிரித்தார். செட்டியார் முணுமுணுத்துக்கொண்டே டேப்பை ஓடவிட்டார்.

கொஞ்ச நாளில் பொறியில் எலி விழுந்தது. ஹுத்தான் மெலிந்தாங் மீன் சந்தையில் வாங்கிய கள்ளக் கேசட்டைப் போட்டால், உறுமியோடு கணீரென்று வருகிறது: ஆயர் தாவார் சதாசிவம் அண்ணன் கடைக்காக. செட்டியார் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆயர் தாவாருக்குக் கிளம்பினார். வழி முழுக்கச் சதாசிவத்தை என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தபடியே வந்தார். எனக்கோ வேறு கவலை. சண்டை பெரிதாகி ஏஜெண்டும் போய்விட்டால் என் இரண்டாவது கேசட் அதோடு சரி.

சதாசிவம் மளிகைக் கடை வைத்திருந்தார். கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஸ்பீக்கரைத் தூக்கி வைத்து என் பாட்டை அலறவிட்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஓடி வந்தார்.

“வாங்க வாங்க! பசியாறிட்டீங்களா? ஏய், கோப்பி கொண்டா!”

செட்டியார் கேசட்டை நீட்டினார். “இது உன் பேரு போட்டதா, இல்லையா?”

“என் பேரு போட்டதுதான்! நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஹுத்தான் மெலிந்தாங்ல சம்பந்தி இருக்காரு. தெலுக் இந்தான்ல மச்சான். ஒருத்தரையும் விடல, எல்லாருக்கும் கொடுத்துட்டேன்.” அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “செட்டியாரே, திருவிழாவுல உபயம் இன்னாருன்னு மைக்ல ஒரு தடவ சொன்னாலே எங்க வீட்டுல மாசக்கணக்குல பேசுவாங்க. ஒரு வருசம் பேரை விட்டுட்டாங்கன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் அந்தக் கோயில் கமிட்டிக்காரங்களோட பேசல. நீங்க கேசட்டுலேயே சொல்ல வச்சிட்டீங்க. போடப் போடச் சொல்லுது! இதை என் சனங்களுக்குக் கொடுக்காம பூட்டியா வைப்பேன்?”

செட்டியார் நீட்டிய கேசட்டை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதோ. நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான், எனக்காவது இது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டாமா?

அரிசி வாங்க வந்திருந்த இருளாயி என்ற பெண் என் பக்கம் நகர்ந்து வந்தாள். “நீங்கதான் பாடுறவங்களாக்கா? இவரு பேரை மட்டும் சொல்றீங்க. எங்க தோட்டத்துப் பேரைச் சொல்ல மாட்டீங்களா?”

“சொன்னா வாங்குவீங்களா? இல்ல, அதையும் காப்பியடிச்சுக்குவீங்களா?” என்று செட்டியார் வெடுக்கென்று கேட்டார்.

“இவரு பேரு போட்டதை நாங்க எதுக்குங்க வாங்கணும்? அதுக்குக் காப்பி போதும். எங்க பேரு போட்டதுன்னா வாங்காம இருப்போமா? வீட்டுக்கு ஒண்ணு வாங்குவோம்.”

செட்டியார் காரைத் திருப்பினார். ஈப்போவில் கடை வாசலில் நிறுத்தியபின், “திருடனைப் பிடிக்கப் போனா இப்படியா ஆகும்?” என்றார். நடந்ததைக் கேட்ட ஆச்சி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, “அப்புறம் என்ன யோசனை? நாளைக்கே ரெண்டாவது கேசட்டை ஆரம்பிங்க. எந்தத் தோட்டம் கேக்குதோ அந்தத் தோட்டத்துப் பேரு” என்றார்.

அப்படித்தான் இரண்டாவது கேசட் வந்தது. தோட்டத்துப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனது. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தார்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். காப்பி எடுப்பது நின்றுவிடவில்லை. ஆனால் அடுத்த தோட்டத்துப் பெயரோடு வந்த காப்பியைக் கேட்டவர்கள், எங்களுடையது எங்கே என்று கடைக்கு வந்தார்கள். அட்டையில் எவள் பல்லைக் காட்டினாலும் உள்ளே முதல் வார்த்தையாக என் பெயர் இருந்தது.

ஒரு நாள் ராஜுவே கடை வாசலில் வந்து நின்றான். தலையைச் சொறிந்தான்.

“அக்கா, பழசு அப்படியே கெடக்குது. எல்லாரும் பேரு போட்டது இருக்கான்னு கேக்குறாங்க. என் கடைப் பேரையும் ஒரு தடவ…”

“யாரு பாடினதுன்னு யாரு கேக்குறா?” என்றேன்.

“அலாமாக்! இன்னும் மறக்கலியா?”

“சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். சரக்கைச் செட்டியார்கிட்ட எடு. அட்டையில என் படம், என் பேரு. அந்தப் பல்லழகி இனி உன் மேசையில இருக்கக் கூடாது.”

அவன் சரி என்றான். செட்டியார் அவனை முறைத்துக்கொண்டேதான் பெட்டியைக் கொடுத்தார்.

அந்த வாரமே சிம்பாங் பூலாய் சந்தைக்குப் போனேன். ராஜுவின் மேசையை நேராகப் போய்ப் பார்க்க எனக்கு வெட்கம். கத்திரிக்காய்க் கடையில் நின்று எட்டிப் பார்த்தேன். என் முகம் வரிசையாக இருந்தது. மனசு நிறைந்துபோனது. அந்த நேரம் பார்த்துக் காய்க்காரர் சொத்தைக் கத்திரிக்காயைக் கூடையில் தள்ளினார்.

“என்னண்ணே, புழுவுக்கும் சேத்தா விலை சொல்றீங்க?” என்று ஒரு சத்தம் போட்டேன்.

பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்த பெண் சட்டென்று திரும்பினாள். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, என்னையும் முன்பின் பார்த்ததில்லை.

“அக்கா, நீங்க வீரம்மாதானே?”

“ஆமாம்மா, நான்தான்” என்று தலையை ஆட்டினேன்.

அவள் பெயர் கருப்பம்மாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க தோட்டத்துப் பேரைச் சொல்வீங்களா? தோட்டம் இப்ப இல்லக்கா. வித்துட்டாங்க. சனங்க ஆளுக்கொரு பக்கம் கெடக்குறோம். இல்லாத தோட்டத்துப் பேரைச் சொல்லலாமா?”

“என் தோட்டமும்தான் இல்ல. பேரைச் சொல்லும்மா.”

சொன்னாள். கேசட் வரும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. அங்கேயே, கையில் கூடையோடு, மைக்கில் பேசுகிற குரலில் சொன்னேன்.

“வணக்கம். நான் வீரம்மா பாடுறேன். புக்கிட் செம்பாக்கா தோட்டத்து சனங்களுக்காக.”

நாலு கடை தள்ளி ராஜு தன் ரேடியோவை நிறுத்தினான். காய்க்காரர் தராசைக் கீழே வைத்தார். நான் பாட ஆரம்பித்தேன்.